சிட்டு பறக்காத ஆபீஸ்

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல், ஓர் இனிப்புக் கடையின் மாடியில் இருக்கிறது ஜாபர் பாயின் கையுறைக் கம்பெனி. வெல்டிங் வைப்பவர்கள் போட்டுக்கொள்ளும் முரட்டுத் தோல் கையுறைகளைக் கப்பலேற்றி ஜெர்மனிக்கு அனுப்பும் கம்பெனி. தைப்பதெல்லாம் பல்லாவரம் பக்கம். மாடியில் கணக்கும் கடிதமும் மட்டும்தான். கீழேயிருந்து நாளெல்லாம் நெய்யும் பாகும் மணத்துக்கொண்டே இருப்பதால், அங்கே வேலை செய்பவர்கள் கொண்டுவரும் ரசம் மதியத்துக்குள் தானாகவே தித்தித்துவிடும் என்று சொல்வார்கள். ருசி பார்த்தவர்கள் யாரும் மறுத்ததில்லை.

ஞானஜோதிக்கு அங்கே ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிக்கும் வேலை. கணினிக்கும் அவளுக்கும் ஆதியில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பல வருஷம் முன்பு ஒரு நாள் கணக்குப் பிரிவில் ஒரு கணினி நீலமாகி நின்றுவிட, எல்லாரும் துஷ்டி வீட்டில் நிற்பதுபோல் சுற்றி நின்றபோது, அவள் போய் ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினாள். அது எழுந்து உட்கார்ந்தது. அன்றோடு அவள் தலைவிதி எழுதப்பட்டது. அதற்குப் பிறகு மின்சாரம் ஓடும் எது நின்றாலும் "ஜோதிக்காவைக் கூப்பிடு" என்பதுதான் அந்த ஆபீஸின் மந்திரம். பக்கத்துக் கட்டடத்து லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒருவர், தீயணைப்புக்காரர்களுக்கு முன்னால் அவளுக்குத்தான் போன் போட்டார்.

இப்போது அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. வலது முட்டி தேய்ந்துவிட்டது. வீடு பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் பக்கத்தில். பெருங்களத்தூர் ஸ்டேஷனில் படி ஏறி, இறங்கி, ரயில் ஏறி, குரோம்பேட்டையில் மறுபடி படி ஏறி, இறங்கி, கடைசியில் ஆபீஸ் மாடிப்படி. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, படிக்கட்டு என்ற வார்த்தையையே மறந்துவிடுங்கள் என்றார். அவருடைய கிளினிக் இருந்தது இரண்டாவது மாடியில்.

ஆகவே அவள் ஜாபர் பாயிடம் போய், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று கேட்டாள். பாய் கெட்டவர் இல்லை. ஆனால் வியாபாரி. கண்ணில் படாத சரக்கை அவர் வாங்கியதும் இல்லை, கண்ணில் படாத ஆளை நம்பியதும் இல்லை. ஒரு நிமிஷம் தாடியைத் தடவிவிட்டுச் சொன்னார்:

"அந்தச் சிட்டு இருக்குல்ல ஜோதிக்கா. இந்த மாசக் கடைசிக்குள்ள அது நம்ம ஆபீஸ்ல ஓடிச்சுன்னா, மூணு நாள் வீட்ல இருங்க. ஓடலைன்னா இந்தப் பேச்சை மறுபடி எடுக்காதீங்க."

சிட்டு என்பது செய்தி அனுப்பும் செயலி. ஜெர்மனியில் இருந்துகொண்டு விற்பனையைப் பார்க்கும் பாயின் மைத்துனன் மொஹ்சின் சந்தா கட்டி வாங்கிக் கொடுத்தது. அதுவரை எல்லாரும் சொந்தக் கைபேசியில்தான் ஆபீஸ் விவகாரங்களையும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போன பக்ரீத்துக்குப் பாய் தன் குடும்பத்துக்கு அனுப்ப வேண்டிய பிரியாணி அண்டாவின் படம் தவறி ஹாம்பர்க்கில் இருக்கும் வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. அந்த மனுஷர் உடனே, விலை என்ன, குறைந்தபட்சம் எத்தனை எடுக்க வேண்டும், மாதிரி ஒன்று விமானத்தில் அனுப்ப முடியுமா என்று கேட்டு எழுதிவிட்டார். மொஹ்சினுக்கு மானம் போயிற்று. அன்றே சட்டம் போட்டான்: இனிமேல் ஆபீஸ் பேச்செல்லாம் சிட்டுவில், அதுவும் கணினியில். கைபேசிகள் ஆபீஸுக்குள் வந்ததும் மேசை இழுப்பறைக்குள் போய்விட வேண்டும்.

சிட்டுவில் ஒரே ஒரு குறைதான். அது ஆபீஸில் ஓடவில்லை.

வீட்டில் ஓடியது. அதுதான் ஞானஜோதியின் வயிற்றெரிச்சல். பீர்க்கன்கரணையில் மடிக்கணினியைத் திறந்தால் சிட்டு ரெக்கை முளைத்துப் பறக்கும். அதே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கு வந்து திறந்தால், முதலில் கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாக இருக்கும். அவள் காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வருவதற்குள், திரையின் மூலையில் இருக்கும் குட்டிக் குருவி தலையைச் சுற்ற ஆரம்பித்துவிடும். கீழே ஒரு வரி: மீண்டும் இணைக்கப்படுகிறது. சாயங்காலம் வரை அதே வரிதான். இணைக்கவும் செய்யாது, முடியாது என்று சொல்லவும் செய்யாது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் மாதிரி.

மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் ஓடின. மின்னஞ்சல் போனது. வங்கிப் பக்கம் திறந்தது. யாரோ ஒருவர் ஒளித்து வைத்துப் பார்த்த கிரிக்கெட்கூடத் தடங்கல் இல்லாமல் ஓடியது. சிட்டு மட்டும் அந்த மாடியின் காற்றை மோந்து பார்த்துவிட்டு மயங்கி விழுந்தது.

முதலில் செயலிக்காரர்களின் உதவி எண்ணுக்கு அடித்தாள். இனிமையான ஒரு குரல், உதவிக்குச் சிட்டுவைத் திறந்து அதில் உள்ள உதவிச் சன்னலில் எழுதவும் என்றது. சிட்டு திறக்கவில்லை என்பதற்காகத்தான் அடிக்கிறேன் என்றாள். அதைச் சிட்டுவில் எழுதவும் என்றது குரல். சரி என்று வீட்டுக்குப் போய், முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தபடியே, சிட்டுவில் எழுதினாள். இப்போது வேலை செய்கிறதா என்று பதில் கேள்வி வந்தது. இப்போது செய்கிறது, ஆபீஸில்தான் செய்யவில்லை என்று எழுதினாள். மிக்க மகிழ்ச்சி, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று வந்தது. ஞானஜோதி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். அதனால் என்ன எழுத நினைத்தாளோ அதை எழுதவில்லை.

அடுத்து இணைய இணைப்புக் கொடுத்த சவுரிமுத்து ஏணியோடு வந்தார். ஏணியைச் சுவரில் சாய்த்தார், ஏறவில்லை. தன் கைபேசியில் ஒரு முள் மீட்டரை ஓடவிட்டுக் காட்டினார். முள் கடைசிக் கோட்டைத் தாண்டி, கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்போல் ஆடியது.

"லைன் குதிரை மாதிரி கீது மேடம். இதுக்கு மேல வேகம் குடுத்தா உங்க ஒயரு உருகிடும்," என்றார். "உங்க சிட்டுக்குத்தான் இன்னாவோ உடம்பு சரியில்ல."

ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஏணி எதற்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு அஸ்தினாபுரத்து ஸ்ரீநிவாசன். ஆபீஸுக்குள் கண்டது நுழையாமல் காவல் காக்கும் பெட்டியைப் பொருத்தியவர் அவர். வீட்டிலிருந்தே அதைத் திறந்து பார்க்கக்கூடியவர். ஞானஜோதி போனில் படுத்திய பாட்டில், எல்லாக் கதவையும் திறந்துவிட்டேன், இனி சிட்டு என்ன, கழுகே பறக்கலாம் என்றார். சிட்டு பறக்கவில்லை. ஆனால் கீழே இனிப்புக் கடையின் பில் எல்லாம் மாடியில் இருந்த பிரிண்டரில் வர ஆரம்பித்தது. ஜெர்மனிக்குப் போக வேண்டிய சரக்குப் பட்டியலின் நடுவில் ஜாங்கிரி அரைக் கிலோ, காராபூந்தி கால் கிலோ என்று அச்சாகி, கஸ்டம்ஸ் வரைக்கும் போய்த் திரும்பியது. கதவுகளை மறுபடி மூடச் சொன்னாள்.

அதற்குள் ஆபீஸில் ஆளுக்கொரு வைத்தியம். ரூட்டரைக் கிழக்குப் பார்த்துத் திருப்பச் சொன்னார்கள். செயலியை அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள். அவள் அதை எத்தனை முறை செய்தாளோ, கடைசியில் கணினியே நிஜமாகத்தான் சொல்கிறீர்களா என்று கேட்காமல் அழிக்கக் கற்றுக்கொண்டது. தலைமைக் கணக்கர் யக்ஞநாராயணன் மட்டும் வைத்தியம் எதுவும் சொல்லவில்லை. நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு, அந்தக் காலத்தில் டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருந்ததையும், அது சிட்டுவைவிடச் சீக்கிரம் கிடைத்ததையும் தினம் ஒரு தரம் சொன்னார்.

மாசம் கரைந்தது. பாய் மத்தியானத்துக்கு மேல்தான் ஆபீஸுக்கு வருவார்; காலையெல்லாம் பல்லாவரத்தில் தோலோடு இருப்பார். வந்ததும் அவளுடைய மேசைப் பக்கம் பார்ப்பார். அவள் தலையை ஆட்டுவாள். அவர் உள்ளே போய்விடுவார். ஒரு வார்த்தைகூடக் கேட்கமாட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும் அவளுக்கு.

மாசத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. பாய் ஜும்மாவுக்குப் போய்விட்டு வந்ததும் முடிவைக் கேட்பார். அன்று காலை பெருங்களத்தூர் ஸ்டேஷன் படியின் நடுவில் அவள் முட்டி ஒரு சத்தம் போட்டது. பக்கத்தில் போனவர் தன் கைபேசி விழுந்துவிட்டதோ என்று குனிந்து தேடினார். ஆபீஸுக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்குச் சட்டம், ஒழுங்கு எதிலும் மரியாதை மிச்சமில்லை. மடிக்கணினியைத் திறந்தாள், சிட்டு கொஞ்சம் பறந்தது, மயங்கியது. அவள் இழுப்பறையைத் திறந்து, மொஹ்சினின் சட்டத்தை மீறி, கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஆபீஸின் வைஃபையிலேயே அதை இணைத்து, கைபேசியில் சிட்டுவைத் திறந்தாள்.

பறந்தது.

அதே காற்று. அதே ஒயர். அதே காவல் பெட்டி. கைபேசியில் பறக்கிறது, கணினியில் விழுகிறது. அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கும் படம் பார்ப்பதுபோல் பார்த்தாள். பெயர் ஒன்று. கடவுச்சொல் ஒன்று. பதிப்பு ஒன்று. குருவியின் மூக்குகூட ஒரே நிறம். மேலிருந்து கீழ்வரை வந்து, கடைசியில் மூலைக்கு வந்தாள்.

கைபேசியில் மணி பத்தரை. கணினியில் பதினொன்று அடிக்கச் சில நிமிஷம்தான் பாக்கி.

அவளுக்கு முதலில் அது வித்தியாசமாகவே படவில்லை. படாததற்குக் காரணம் இருக்கிறது.

அந்த ஆபீஸின் சுவர்க் கடிகாரம் பாயைப் பெற்ற அத்தா காலத்தது. ஆட்கள் தாமதமாக வருகிறார்கள் என்று பெரியவர் ஒரு நாள் அதை ஐந்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தார். ஆட்கள் ஒரு வாரம் அலறியடித்துக்கொண்டு வந்தார்கள். அப்புறம் கடிகாரம் ஐந்து நிமிஷம் வேகம் என்பது தெரிந்து, ஐந்து நிமிஷம் கழித்தே வந்தார்கள். பெரியவர் இன்னொரு ஐந்து தள்ளினார். ஆட்களும் தள்ளினார்கள். இப்படியே இரு தரப்பும் விடாப்பிடியாகத் தள்ளியதில், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அந்த மாடி மட்டும் நம்மைவிட அரை மணி முந்திய டாக்கா நேரத்தில் ஓடியிருக்கும். பெரியவர் காலமாகிவிட்டதால் நின்றது. அத்தா வைத்த நேரத்தை மாற்றக் கூடாது என்று ஜாபர் பாய் சொல்லிவிட்டார். தொழுகைக்கு மட்டும் பள்ளிவாசல் நேரம். மற்றதற்கெல்லாம் ஆபீஸ் நேரம். குரோம்பேட்டையிலேயே புத்தாண்டு முதலில் பிறப்பது அந்த மாடியில்தான். அங்கே வேலை பார்த்த ஒருவர் சாயங்காலம் கிளம்பி மேற்குத் தாம்பரத்தில் வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே இருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தான் இன்னும் ஆபீஸிலிருந்து கிளம்பவேயில்லை என்று புரிந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று ஒரு வரலாறு உண்டு.

கணினி வந்தபோது யக்ஞநாராயணன் ஒரு காரியம் செய்தார். பில்லில் அச்சாகும் மணியும் சுவரில் இருக்கும் மணியும் ஒத்துப்போகவில்லை என்று காரணம் சொல்லி, சர்வர் என்ற பெரிய பெட்டிக்கும் அத்தா நேரத்தையே வைத்தார். வெளியுலகத்தைக் கேட்டு மணியைத் திருத்திக்கொள்ளும் பழக்கத்தையும் அதனிடமிருந்து பிடுங்கிவிட்டார். சர்வர் என்ன மணி சொல்கிறதோ, அதைத்தான் ஆபீஸுக்குள் நுழையும் எல்லாக் கணினியும் கொஞ்ச நேரத்தில் திருப்பிச் சொல்லும். ஞானஜோதியின் மடிக்கணினியும் அப்படித்தான். வீட்டில் ஊருக்கெல்லாம் பொதுவான ரயில்வே நேரம். ஆபீஸுக்கு வந்தால், அவள் டம்ளர் கழுவும் நேரத்துக்குள் அத்தா நேரம். கைபேசி மட்டும்தான் யாருக்கும் கட்டுப்படாமல் உண்மையான மணியை வைத்துக்கொண்டிருந்தது. அதுவும் இழுப்பறைக்குள்.

சிட்டுவோ ஒவ்வொரு செய்தியிலும் மணியைச் சேர்த்து முத்திரை குத்தி அனுப்பும் ஜாதி. எங்கேயோ மறுமுனையில் இருக்கும் கணினி, இன்னும் வராத நேரத்திலிருந்து வரும் கடிதங்களைப் பார்த்துப் பயந்து, இது கள்ளச் சரக்கு என்று வாங்க மறுத்திருக்கிறது. ஒரு மாசமாக.

இத்தனை வருஷமாக அந்த மாடியில் யார் கடிகாரத்தைப் பார்த்தாலும், மனசுக்குள் தானாகவே கழித்துக்கொள்வார்கள். கழித்துக் கழித்து, கழிக்கிறோம் என்பதே மறந்துவிட்டது. ஞானஜோதி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அடித்த சத்தத்தில் கணக்குப் பிரிவு திரும்பிப் பார்த்தது.

அவள் நேரே யக்ஞநாராயணனிடம் போனாள். சர்வரின் கடவுச்சொல் அவரிடம்தான் இருந்தது. கேட்டதும் அவர் சாய்ந்திருந்த நாற்காலியை நிமிர்த்திக்கொண்டார். அந்த மாசத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஜோதி, கதவைச் சாத்திட்டு வா," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அவளுக்குத் தெரிந்ததையே அவளிடம் சொன்னார். காலையில் பாய் இருப்பதில்லை. எல்லாரும் கைபேசி நேரத்தில்தான் வருகிறார்கள். சாயங்காலம் பாய் இருக்கிறார். ஆனால் சுவர்க் கடிகாரம் அவருக்கு முதுகுப்பக்கம், அவர் பார்ப்பது கணினி மூலையை. அதில் ஆறு மணி என்றால் ஆறு மணி. ஆகவே எல்லாரும் உண்மையான ஆறுக்கு வெகு முன்னாலேயே கிளம்பி, செங்கல்பட்டு வண்டியில் சன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். பாயோ காலையில் ஆட்கள் அத்தனை சீக்கிரம் வருகிறார்கள் என்று அத்தாவின் புத்தியை மெச்சிக்கொண்டிருக்கிறார். அவருக்கும் லாபம், இவர்களுக்கும் லாபம்.

"உலகத்துலயே ரெண்டு பார்ட்டியும் ஜெயிக்கற ஏற்பாடு இது ஒண்ணுதாம்மா. இதைப் போய்க் கெடுக்கறயே."

"என் முட்டி ஜெயிக்கலையே சார்."

"கால் முட்டிக்காக இத்தனை பேர் வயித்துல அடிக்கலாமா? பைபிள்ல அப்படியா எழுதியிருக்கு?"

"உண்மைதான் விடுதலை பண்ணும்னு எழுதியிருக்கு. பாஸ்வேர்டைச் சொல்லுங்க. இல்லைன்னா பாய்கிட்டயே போய் மணி கேக்கறேன்."

அவர் சொன்னார். அவள் சர்வரின் மணியைத் திருத்தினாள். ஆபீஸ் முழுக்கக் கணினிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. இப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை குரோம்பேட்டை மாடியில் காலை பதினொரு மணி இரண்டு தடவை வந்தது. சிட்டு எல்லா மேசையிலும் ஒரே நேரத்தில் கண் விழித்தது. ஒரு மாசமாகத் தேங்கிக் கிடந்த செய்திகள் எல்லாம் கொட்ட ஆரம்பித்தன. யாரோ மூன்று வாரம் முன்பு அனுப்பிய "டீ வந்தாச்சு" அப்போதுதான் வந்தது.

பாய் ஜும்மா முடித்து வந்தார். தானே "ஹலோ" என்று ஒரு செய்தி அடித்தார். எல்லாரும் பதில் ஹலோ போட்டார்கள். ஜெர்மனியிலிருந்து மொஹ்சின் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பாயின் முகம் மலர்ந்தது. ஞானஜோதியின் முகமும் மலர்ந்தது. எந்த மூன்று நாள் என்று அவள் மனசுக்குள் பொறுக்க ஆரம்பித்திருந்தாள். பாய் அவளை உள்ளே கூப்பிட்டார்.

"மாஷா அல்லாஹ், ஜோதிக்கா. ஒரு மாசமா எவன் எவனோ வந்து பாத்தான். உங்க கை பட்டதும் ஓடுது பாருங்க. அதான் யோசிக்கறேன். நீங்க வீட்டுக்குப் போய், இங்க இது படுத்துக்கிச்சுன்னா நான் யார்கிட்ட போறது? உங்க கைராசி ஆபீஸ்லயே இருக்கட்டும்க்கா. முட்டிக்கு ஒரு நல்ல எண்ணெய் இருக்கு, பல்லாவரத்துலேர்ந்து கொண்டாந்து தர்றேன்."

அவள் மேசைக்குத் திரும்பி வந்தாள். மீண்டும் இணைக்கப்படுகிறது என்று அவள் நெற்றியில் எழுதியிருந்ததாகக் கணக்குப் பிரிவில் பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் எல்லாரும் உண்மையான ஆறு மணிவரை உட்கார்ந்தார்கள். வெகு காலமாக உட்காராத நேரம் அது; அதில் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சிலர் பென்சில் சீவினார்கள். செங்கல்பட்டு வண்டி போய்விட்டது. அடுத்த வண்டியில் இருந்த நெருக்கடியில் யக்ஞநாராயணன் கால்கள் தரையில் படாமலே கூடுவாஞ்சேரி வரை பயணம் செய்தார். கைப்பையைக் கீழே வைக்க நினைத்துக் கையை எடுத்தாராம், அதுவும் விழவில்லை, கூடவே வந்ததாம்.

சனிக்கிழமை காலை அவர் ஞானஜோதியின் மேசைக்கு வந்தார். அவளும் அவரைப் பார்த்தாள். அந்த ஆபீஸில் இரண்டே பேர் தோற்றிருந்தால் அது அந்த இருவர்தான்.

"இங்க பாரு ஜோதி," என்றார். "நமக்குள்ள சண்டை வேண்டாம். நீ ஆபீஸுக்கு வர்ற நாள்ல அந்தப் பெட்டிக்கு அத்தா டைம் வெக்கறேன். நீ வராத நாள்ல ரயில்வே டைம். நீ யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். லீவு மட்டும் போடு. மிச்சத்தை பாய் அவராவே கண்டுபிடிச்சுப்பார்."

பொய் சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். ஒரு வார்த்தைகூட வேண்டாம் என்றார். அவள் முட்டியைத் தடவிக்கொண்டாள். பிறகு, தனக்கு ஒன்றும் தெரியாது, காதிலும் ஒன்றும் விழவில்லை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை அவள் வந்தாள், சிட்டு விழுந்தது. செவ்வாய் முட்டி வீங்கி லீவு, சிட்டு பறந்தது. புதன் வந்தாள், விழுந்தது. வியாழன் டாக்டரைப் பார்க்கப் போனாள். பறந்த பறப்பில் மொஹ்சினே இது என்ன ஆச்சரியம் என்று எழுதினான். வெள்ளிக்கிழமை அவள் மாடிப்படியில் முதல் படியில் கால் வைத்ததுமே மேலே குருவி தலையைச் சுற்ற ஆரம்பித்தது என்கிறார்கள். இது கொஞ்சம் மிகை. மூன்றாவது படி என்பதுதான் சரி.

பாய் தோல் வியாபாரத்தில் நரைத்தவர். தோலைக் கையால் தடவி, அந்த ஆடு எந்த ஊர்ப் புல்லைத் தின்றது என்று சொல்லிவிடுவார். ஒரு விஷயம் இத்தனை ஒழுங்காக நடந்தால் அவர் கண்ணுக்குத் தப்புமா? சவுரிமுத்துவைக் கூப்பிட்டனுப்பினார். அவர் ஏணியோடு வந்து, முள்ளை ஓடவிட்டு, ஞானஜோதியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தொழில்முறைக் கருத்தைச் சொன்னார்:

"மேடம் உள்ள வந்தா சிக்னல் பேஜாராயிடுது பாய். சில பேர் உடம்புவாகு அப்படி. அவங்கள தூரமா வச்சுக்கினா லைன் ராஜா மாதிரி நிக்கும்."

ஞானஜோதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்க அவள் கடித்த உதடு இரண்டு நாள் வீங்கியிருந்தது. முட்டியைவிட அதுதான் பார்ப்பதற்குப் பெரிதாக இருந்தது.

பாய் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, அவளை உட்காரச் சொன்னார். ஒரு தம்ளர் தண்ணீர் வரவழைத்தார். துக்கச் செய்தி சொல்பவர் முகம்.

"தப்பா நினைச்சுக்காதீங்க ஜோதிக்கா. ராசின்னு ஒண்ணு இருக்கு. கடையில சில பேர் போணி பண்ணா நாள் பூரா சரக்கு நகராது. அவங்க கெட்டவங்களா என்ன? நீங்க ஆபீஸ்க்கு வராதீங்க. மூணு நாள் இல்ல, ஆறு நாளும் வீட்லயே இருங்க. சம்பளம் அப்படியே."

அவளுக்கு அந்த வார்த்தைகள் காதுக்குள் போய், கழுத்து வழியாக இறங்கி, முட்டிக்கு எட்டவே கொஞ்ச நேரம் பிடித்தது. எட்டியதும் முட்டி அன்று முதல் தடவையாகச் சத்தம் போடாமல் மடங்கியது. சரி பாய் என்றாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். மேசையில் இருந்ததையெல்லாம் ஒரு பையில் எடுத்து வைத்துக்கொண்டு, எண்ணெய்ப் பாட்டிலையும் வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

செய்தி அதற்குள் சிட்டுவில் வந்திருக்க முடியாது, அன்று அது விழுந்திருந்த நாள், வாய்வழியாகவே போயிருக்கிறது. அவள் மாடிப்படிக்கு வந்தபோது மேல்படியில் கணக்குப் பிரிவு முழுவதும் நின்றுகொண்டிருந்தது. முன்னால் யக்ஞநாராயணன். மூச்சு வாங்கியது அவருக்கு.

"ஆறு நாளுமா? நீ ஆறு நாளும் வரலைன்னா ஆறு நாளும் ரயில்வே டைம்னா வெக்கணும். எங்க வண்டி என்ன ஆறது? மூணு நாள்னுதானேம்மா பேச்சு."

"நான் கேக்கலையே சார். பாயாத்தான் குடுத்தார். ராசியாம்."

"வாரத்துல ரெண்டு நாளாவது வாங்கக்கா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "ஸ்டேஷன் படில நாங்க நாலு பேரு சேர்ல வச்சுத் தூக்கிட்டு வர்றோம்."

இன்னொருவர், ஆட்டோவே வைத்துவிடலாம், ஆபீஸில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் ஆயிற்று என்றார். வந்து கையெழுத்துகூடப் போட வேண்டாம், வாசலில் தலையைக் காட்டினால் போதும் என்றார் வேறொருவர். ஒரு மாசம் முழுக்க ரூட்டரைக் கிழக்கே திருப்பச் சொன்ன வாய்கள் எல்லாம் இப்போது அவளைத் திருப்பப் பார்த்தன.

ஞானஜோதி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒரு படி இறங்கினாள். நின்றாள். இன்னொரு படி இறங்கினாள். பாதிப் படியில் நின்று, திரும்பாமலே சொன்னாள்:

"முட்டியைக் கேட்டுச் சொல்றேன் சார்."